மூடி கழட்டாத கார்டு

இல்லக்கா, உங்க பொண்ணு கேட்டது நியாயமான கேள்விதான். நான் எங்க கோவப்பட்டேன்? என் குரலே அப்படித்தான். கம்ப்யூட்டரோட பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கு, நீங்களும் அனுப்பிட்டீங்க. அது பார்த்துட்டு, ஒரு வருஷம் ஓடின கம்ப்யூட்டர்னு சொல்றாரு, கார்டுல அந்த பிளாஸ்டிக் மூடியெல்லாம் ஏன் இன்னும் கழட்டாம இருக்குன்னு கேக்குது. கெட்டிக்காரப் பொண்ணுதான். என்ன படிக்குதுன்னு சொன்னீங்க? கார்ட்டூன் படம் பண்றதா? அப்ப கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க. அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

மூடியைப் பத்தித்தானே, சொல்றேன் சொல்றேன். முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம்க்கா, இங்க ஃபேனுக்குக் கீழ வாங்க. அது என் வீட்டுக்காரி உக்கார்றது. ஐயோ, உக்காரக் கூடாதுன்னு இல்ல, ஒரு சக்கரம் ஆடும், விழுந்துடுவீங்க, அதான்.

கீழ வண்டி நிக்குதில்ல? நல்லது. அட்டைப் பெட்டியெல்லாம் ரெடியா எடுத்து வச்சிருக்கேன். அஞ்சு நிமிஷத்துல கட்டிக் கொடுத்துடுவேன். அவசரம்னு இல்ல. சும்மா சொன்னேன்.

இது நானே என் கையால பூட்டினது. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன்க்கா, பல வருஷமா. இந்தப் பக்கம் எந்த ஆபீஸ்ல போய்க் கேட்டாலும் என்னைத் தெரியும். ஆஸ்பத்திரியில டோக்கன் போடற கம்ப்யூட்டர் என்னது, ஸ்கூல் ஆபீஸ்ல இருக்கறது என்னது. லைட்டை அணைச்சிட்டுக் கொடுத்தாலும் பூட்டிடுவேன். பெருமைக்குச் சொல்லல. ம்... பெருமைக்குத்தான் சொல்றேன். அந்தப் பெருமைதானே என்னை இங்க கொண்டு வந்து நிறுத்தியிருக்கு.

கிராஃபிக்ஸ் கார்டுன்னா என்னன்னு பொண்ணு சொல்லியிருக்குமே? சொல்லலையா? நான் சொல்றேன். கம்ப்யூட்டருக்குன்னு ஒரு மூளை இருக்கு. அது எல்லாத்தையும் ஒவ்வொண்ணா யோசிச்சுப் பண்ணும். பில்லு போடறதுக்கு, லெட்டர் அடிக்கறதுக்கு அது போதும். படம்னு வந்துட்டா அப்படி இல்ல, ஸ்க்ரீன்ல இருக்கிற புள்ளி ஒவ்வொண்ணுக்கும் கலர் போட்டாகணும். ஒரு பெரிய சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஒரு என்ஜினீயர் நின்னு என்ன பண்ணுவாரு? ஆயிரம் பேர் ஆளுக்கொரு பிரஷோட நின்னா ஒரே இழுப்புல முடிஞ்சிடும். அந்த ஆயிரம் பேர்தான் இந்தக் கார்டு. அதோ, ரெண்டு ஃபேன் வச்ச கறுப்புப் பலகை தெரியுதில்ல, அதான்.

நான் கடை போட்ட காலத்துல விளையாட்டுப் பசங்கதான் இதைக் கேட்டு வருவாங்க. எனக்குச் சிரிப்பா வரும். போய்ப் படிங்கடான்னு விரட்டி விட்டிருக்கேன். இப்ப நிலைமையே வேற. வீடியோ கால்ல பின்னாடி காயற துணியை மறைக்கணுமா, கார்டு. மங்கிப்போன கல்யாண போட்டோவைத் தெளிவாக்கணுமா, கார்டு. நாம ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா அதுவா படம் போட்டுத் தருதாமே, அதை வீட்டுலயே ஓட்டணும்னு ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர் வந்து நிக்கிறாரு. முன்னெல்லாம் மெமரி எவ்வளவுன்னு கேட்டவங்க, இப்ப உள்ள நுழையும்போதே என்ன கார்டு போடுவீங்கன்னுதான் கேக்குறாங்க. எனக்கு அதுல அவ்வளவு பழக்கம் இல்ல. தெரியாதுன்னு சொல்ல வாய் வருமா? எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையை ஆட்டிக்கிட்டே காலத்தை ஓட்டிட்டேன்.

தண்ணி குடிங்க. பொண்ணு மறுபடியும் மெசேஜ் போடுதா? சொல்றேன்னு சொல்லுங்க.

என் வீட்டுக்காரி வீட்டு பிளான் வரையறவ. ஆபீஸ்ல இருந்தவதான், நடுவுல விட்டுட்டா. அப்புறம் வீட்டுலயே இருந்துக்கிட்டு இந்த சமையல்கட்டு, அலமாரியெல்லாம் செய்யறதுக்கு முன்னாடியே செஞ்ச மாதிரி படம் போட்டுக் காட்டுவாங்க பாருங்க, அதைக் கத்துக்கிட்டா. சும்மா படம் இல்லக்கா. நாம கதவைத் திறந்து உள்ள நடந்து போற மாதிரியே இருக்கும். ஜன்னல் வெளிச்சம் மேடையில விழும், குழாய் பளபளங்கும். பார்த்தா எனக்கே அந்த வீட்டுக்குக் குடி போயிடலாமான்னு இருக்கும். அவ கை அப்படி.

அதுக்குத்தான் இந்த மெஷின். கார்டு இல்லாம முடியாதுன்னு அவதான் சொன்னா. வாங்கினேன், பூட்டினேன், ஸ்விட்சைப் போட்டேன். கார்டுல நீலம் பச்சைன்னு லைட் எரிஞ்சுது. பார்த்தியா, யார் பூட்டினதுன்னு கேட்டேன். அவ சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினா.

ஒரு மர அலமாரி கம்பெனிக்காரங்க ஒரு சமையல்கட்டைக் கொடுத்து, முதல்ல இதைப் பண்ணிக் காட்டுங்க, பிடிச்சிருந்தா வருஷம் முழுக்க வேலை உங்களுக்குத்தான்னு சொன்னாங்க. அவ ராத்திரி பகல் பார்க்கல. ஆனா மெஷின் இழுக்குதுக்கா. படத்தைத் திருப்பினா திக்கித் திக்கித் திரும்புது. மவுஸ்ல கையை வச்சுக்கிட்டு அவ பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருப்பா. என்னங்க, இதுல ஏதாவது கோளாறா, கொஞ்சம் பாருங்களேன்னா. பாருங்களேன்னுதான் கேட்டா, பாவி மக. எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. நான் பூட்டினதுல கோளாறா? நீ கண்டதையும் உள்ள போட்டு ரொப்பி வச்சிருக்க, குறைன்னேன்.

குறைச்சாக்கா. நான் சொன்னா கேப்பா. ஜன்னல் ஓரம் ஒரு தொட்டிச் செடி வச்சிருந்தா, ஒவ்வொரு இலையா உக்காந்து பண்ணினது, அதை எடுத்தா. திரைச்சீலையை எடுத்தா. கடைசியில அந்த ஜன்னல் வெளிச்சத்தையும் எடுத்துட்டா. அப்பவும் திக்குச்சு.

ஒரு நாள் இந்தப் பெட்டி மேல உள்ளங்கையை வச்சுப் பார்த்துட்டு, ஏங்க, இவ்வளவு நேரம் ஓடியும் சூடே ஆகலையேன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அதான்டி என் வேலைப்பாடு, சூடே ஆகாதுன்னேன். அட மடையா! வேலை செய்யற கார்டு சுடாம இருக்குமா? அவளுக்குத் தோணினது எனக்குத் தோணல பாருங்க. தோணக் கூடாதுன்னே இருந்திருக்கேன் போல.

அவ அண்ணனும் அண்ணியும் ஒரு தடவை வந்திருந்தாங்க. வேலையெல்லாம் எப்படிப் போகுதுன்னு அண்ணி கேட்டாங்க. இவ வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டு, மெஷின் எல்லாம் ராஜா மாதிரிதான் இருக்கு, ஓட்டறவங்களுக்குத்தான் கை ஓடலன்னு சொல்லிச் சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சிட்டு, டம்ளரையெல்லாம் எடுத்துக்கிட்டு உள்ள போனா. அந்தச் சிரிப்பு இன்னும் என்னைத் தூங்க விடலக்கா.

படத்தை அனுப்பினா. படம் உயிரே இல்லாம இருக்கு, அதுவும் தேதி தாண்டி வந்திருக்குன்னு சொல்லி கம்பெனியில வேற ஆளைப் பார்த்துக்கிட்டாங்க. உயிர் எப்படி இருக்கும்? செடியும் போச்சு, வெளிச்சமும் போச்சு. அவ அழக்கூட இல்ல. எனக்கு வயசாயிடுச்சு போலங்க, இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க பண்றது, எனக்கு வராதுன்னு சொன்னா. நான் பக்கத்துல உக்காந்து, விடு, எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமான்னு ஆறுதல் சொன்னேன்.

இப்ப துணிக்கடையில பில் போடப் போறா. முந்தாநாள்தான் சேர்ந்தா. காலையில அந்தக் கடை யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு, நல்லா இருக்கான்னு கேட்டா. நல்லா இருக்குன்னேன்.

ம். மூடி.

போன வாரம் இதை ஓரமா எடுத்து வைக்கலாம்னு தூசி தட்டினேன். பெட்டியைத் திருப்பி வச்சேன். இங்க வாங்கக்கா, நீங்களே பாருங்க. ஸ்க்ரீன்ல இருந்து வர்ற கேபிள் இதுதான். இது எங்க சொருகியிருக்கு? மேல இருக்கிற ஓட்டையில. இந்த மேல் ஓட்டை கம்ப்யூட்டரோட சொந்த ஓட்டை, கார்டே இல்லாத சாதா மெஷினுக்கு. கார்டோட ஓட்டை கீழ இருக்கு. நாலும் மூடி போட்டபடியே இருக்கு. கார்டுல சொருகணும்னா மூடியைக் கழட்டித்தானே ஆகணும்?

ஆமாக்கா. அவ்வளவுதான். கேபிளைக் கார்டுல சொருகவே இல்ல. லைட் எரிஞ்சுது, ஃபேன் சுத்துச்சு, ஆயிரம் பேரும் பிரஷை வச்சுக்கிட்டு ஒரு வருஷமா சும்மா நின்னுருக்காங்க. இவ படத்தை அந்த ஒத்தை மூளையே முக்கி முக்கி இழுத்திருக்கு. வேற மதர்போர்டா இருந்தா தப்பான ஓட்டையில சொருகினா படமே வராது, அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இது உசத்தி போர்டு, ரெண்டுலயும் வரும். பார்த்துப் பார்த்து நான்தான் வாங்கினேன்.

கைப் பழக்கம்க்கா. நான் பூட்டின ஆபீஸ் கம்ப்யூட்டர் எதுலயும் கார்டு கிடையாது, கேபிள் மேலதான் போகும். கை பாட்டுக்குச் சொருகிடுச்சு, கண்ணு கூடப் போகல. கடைக்கு யார் போன் பண்ணி ஓடலன்னு சொன்னாலும், கேபிள் சரியா இருக்கான்னு பாருங்கன்னுதான் முதல் வார்த்தையே சொல்வேன். எல்லாருக்கும் சொன்னேன். என் வீட்டுல அவ கேட்டப்போ மட்டும் குனிஞ்சு பார்க்கல.

மாத்திச் சொருகிக் காட்டவா? வேணாம்க்கா. உங்க வீட்டுல போய் உங்க பொண்ணு சொருகிக்கட்டும். பறக்கும் பாருங்க. இங்க வேணாம். ஏன்னா... நான் இன்னும் மாத்தலக்கா. கண்டுபிடிச்ச அன்னைக்கும் மாத்தல. கேபிளைப் பிடுங்கத்தான் போனேன், கை வரல. மாத்தினா அவ ஒரு தடவை மவுஸைத் தொட்டாலே போதும், தெரிஞ்சிடும். ரெண்டு நாள் கழிச்சு அவளாவே, இதைப் போட்டுப் பார்க்கட்டுமாங்கன்னு கேட்டா. நான் ஓடி வந்து ஸ்விட்சை அணைச்சிட்டேன். விடு, அதைப் பார்த்தா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொன்னேன். எப்படி வாய் வந்துச்சோ எனக்கு.

அப்படிப் பார்க்காதீங்கக்கா. திட்டணும்னா வாய்விட்டுத் திட்டிடுங்க.

சொல்லலாம்தான். நேத்து கூட சாப்பிடும்போது வாயெடுத்தேன். எனக்கு வராதுங்கன்னு அவ சொன்னப்போ நான் ஆறுதல் சொன்னேனே, அது கண்ணு முன்னாடி வந்துடுச்சு. கேபிள் தப்பை மன்னிச்சிடுவா. கை நழுவினதுன்னு விட்டுடுவா. இந்த ஒரு வாரத்தை எந்தக் கணக்குல மன்னிப்பா? இது இந்த வீட்டை விட்டுப் போயிடுச்சுன்னா அதோட முடிஞ்சிடும்னு நினைச்சேன். எனக்கு வேற அவ முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மூடி நாலும் தெரியுது.

என்னக்கா, எந்திரிச்சிட்டீங்க? வேணாமா? சரி. பொண்ணுகிட்ட மெஷின் மேல குறை இல்லன்னு மட்டும் சொல்லிடுங்க, ஆள்தான் சரியில்லன்னு சொல்லுங்க. பாத்துப் போங்க, படியில வெளிச்சம் பத்தாது.

அவளா? வர்ற நேரம்தான். அதான் சீக்கிரம் கட்டிடலாம்னு பறந்தேன்.

இல்லல்ல, அவ எங்க விக்கச் சொன்னா? ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடி வைங்க, என்னைக்காவது கை வருதான்னு பார்க்கலாம்னுதான் சொன்னா. விக்கிறதே அவளுக்குத் தெரியாதுக்கா.

என்னக்கா... எந்திரிச்சவங்க ஏன் மறுபடி உக்கார்றீங்க? அதுவும் அவ நாற்காலியில?