தேன்பாறைக்குப் புதுக் குரல்

மழை விட்ட மறுநாள்தான் ஒலிப்பதிவுக்கு நல்லது, சார். தூசி அடங்கியிருக்கும், தேனீயின் சிறகுகூடத் தெளிவாகக் கேட்கும். அதனால்தான் அன்றைக்கு நெல்லிவாசல் மலைப் பாறைக்குப் போகலாம் என்று தீர்த்தகிரி சாரிடம் சொன்னேன்.

'தேன்பாறை' அவர் உருவாக்கிய வீடியோ கேம். நான் பள்ளியில் படித்த காலத்தில் கண்ணமங்கலம் கம்ப்யூட்டர் கடைகளில் அதுதான் ஓடும். பாறையேறித் தேன் எடுப்பவனுக்கு என் அண்ணன் சடையனின் முகம், அவன் குரல். கை நழுவினால் "யம்மா" என்று கத்திக்கொண்டே விழுவான். அந்த கேம் வெளிவருமுன்பே அண்ணன் நிஜமாகவே பாறையிலிருந்து விழுந்து செத்துப்போனான். தனியாக ஏறினான் என்றார்கள்.

அம்மா அடிக்கடி அந்த கேமைப் போடச் சொல்வாள். "இன்னொரு தபா வுழ வையிடி. அவன் என்னக் கூப்புடட்டும்."

போன வருடம் தீர்த்தகிரி சார் புதிய படம், புதிய ஒலியோடு அந்த கேமைத் திரும்பக் கொண்டுவர நினைத்தார். ஒலி வேலையை எனக்குத் தந்தார். "உங்கண்ணனுக்கு நான் செய்ற மரியாதைம்மா" என்றார். பழைய பதிவுகளையும் கொடுத்தார். கேட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

வெட்டாத பதிவில் அண்ணன் கெஞ்சுகிறான்: "கயித்த வுட்டுடாதீங்கண்ணா."

"ஒரு கையால புடிச்சிருக்கேன்டா. மைக்க கிட்ட வெக்கிறேன், பயந்தாப்ல கத்து." இது தீர்த்தகிரி சார்.

பிறகு அந்த "யம்மா". பிறகு, அவர் பதிவை நிறுத்தும் சத்தம்.

நான் அழவில்லை. இலை, அருவி, காற்று எல்லாம் முடித்தேன். "பழைய பதிவுல விழுற சத்தத்துல இரைச்சல் ஜாஸ்தி சார். உங்க கேம், உங்க குரலே இருக்கட்டும். கயித்த நான் புடிச்சிக்கிறேன்" என்றேன். பெருமையாகத்தான் ஏறினார். பாதிப் பாறையில் ஸ்பீக்கரில் அண்ணனைப் போட்டேன்.

"வாணி, வேணாம்மா" என்றார்.

கயிற்றை விட்டேன். மைக்கை ஆடாமல் பிடித்திருந்தேன்.

அவர் ஆட்கள் கேமை வெளியிட்டார்கள்; அந்தக் குரல்தான் இப்போது அதில் இருக்கிறது. உடம்பு சிலிர்க்கிறது என்று பாராட்டுகிறார்கள். இந்த ஸ்டேஷனில் நீங்கள் அவர் சாவை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அண்ணன் சாவையும் அப்படித்தான் முடித்தார்கள். இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது என்றுதான் வந்தேன்.

அண்ணன் பதிவு இப்போது என்னிடம் இல்லை, சார். வீட்டிலிருந்த பழைய கேமையும் சேர்த்து அழித்துவிட்டேன். அவன் சாவு இனி யாருக்கும் விளையாட்டாக இருக்கக் கூடாது.

அம்மாவுக்குப் புதியதைப் போட்டுக் காட்டினேன். "இது ஆர்டி? எம்புள்ள எங்கடி?" என்றாள். தினமும் அதையேதான் கேட்கிறாள்.

வயசாகிவிட்டது. காது சரியாகக் கேட்பதில்லை.