மாமி அழுத இந்தோனேசியாப் பாட்டு

அக்கரைப்பற்று பஸ் ஆள் நிறையட்டும் என்று கல்முனையிலேயே நின்றது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“எங்கட மாமி இந்தோனேசியாப் பாட்டுக் கேட்டு அழுறா.”

“அவக்கு அந்தப் பாஷ விளங்குமா?”

“எங்க விளங்கிற? சவூதியில என்னோட வேல செஞ்ச இந்தோனேசியாப் புள்ள தந்த கெசட். மட்டையில முக்காடு போட்ட பொம்புள நிக்கிறா. அவ அழுதழுது பாடுறதால அல்லாஹ்க்கிட்ட முறையிடுற மார்க்கப் பாட்டெண்டு நெனச்சி, மாமியும் முக்காடு போட்டுத்தான் கேட்கிறா.”

“மார்க்கப் பாட்டில்லையா?”

“மருமகளப் பாடாப் படுத்திற மாமியப் பத்தின பாட்டு. அந்தப் புள்ளதான் அர்த்தம் சொன்னா.”

“அல்லாஹ்வே! நீ மாமிக்குச் சொல்லல்லையா?”

“எப்பிடிச் சொல்ற? நேத்துக் கண்ணத் தொடச்சிக்கிட்டு, ‘இந்தப் பாடுற புள்ளய இப்பிடி அழவச்சவங்களச் சும்மா விட்டுறாத ரப்பே’ எண்டு துஆக் கேட்டா.”

“நீ என்ன செஞ்சாய்?”

“பக்கத்தில இருந்து ஆமீன் சொன்னன்.”