பெரிய பேங்க் பங்கு வாங்கலாமா, மாப்ள?

உக்காரு மாப்ள, எந்திரிக்காத. நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதிலே சொல்லலையே. என்னது, ஆமா இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா போதுமா? எப்படிப் போதும்? இதே சார்லட்ல, அந்தா தெரியுதே கண்ணாடிக் கட்டடம், அதுக்குள்ள உக்காந்து முப்பது வருஷமா பேங்க் பங்கப் பத்தி மட்டும் எழுதிச் சம்பளம் வாங்கினவன் நான். என்கிட்ட வந்து, பெரிய பேங்க் பங்கு வாங்கலாமான்னு கேட்டுட்டு, ஒரே வார்த்தையில சொல்லுங்கற. அப்ப நான் எதுக்கு அந்த முப்பது வருஷம் டை கட்டிக்கிட்டுப் போனேன்?

இந்தாம்மா, இவருக்கு இன்னொரு காப்பி ஊத்து. எனக்கு அந்த ஈரல் வறுவல், லிவர்மஷ், இன்னும் ரெண்டு துண்டு. நல்லா முறுகலா வேணும், போன தடவ மாதிரி வதக்குன மாதிரி கொண்டாராத.

ம், சொல்லு. சாக விட மாட்டாங்களா? யாரு சொன்னா? யூடியூப்ல பாத்தியா? தொப்பிய திருப்பிப் போட்டுக்கிட்டு கார்ல உக்காந்தே பேசுவானே, அவனா? ரொம்ப நல்லது. உனக்கேத்த வாத்தியாரு.

சரி, பெரிய பேங்க கவர்மெண்டுல சாக விட மாட்டாங்க. ஒத்துக்கிறேன். ஆனா யாரக் காப்பாத்துவாங்க? பேங்கக் காப்பாத்துவாங்க. பேங்க்ல பணம் போட்டவனக் காப்பாத்துவாங்க. பங்கு வெச்சிருக்கறவனக் காப்பாத்துறேன்னு எவன் சொன்னான்? ரெண்டாயிரத்து எட்டுல நான் பக்கத்துல இருந்து பாத்தவன், டுவைட் மாப்ள. கட்டடம் அப்படியே நின்னுச்சு. வாசல்ல பேரு அப்படியே மின்னுச்சு. லிஃப்ட்டு ஓடுச்சு, காப்பி மெஷின் ஓடுச்சு. பங்கு வெச்சிருந்தவன் மட்டும்தான் காணாமப் போயிட்டான். பேங்க் பொழச்சுக்கிச்சுன்னு மறுநாள் எல்லாரும் கை தட்டினாங்க.

இல்ல இல்ல, வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லல. அவசரப்படாத. அதான் உன்னோட வியாதியே.

பெரிய பேங்க்னா என்னன்னு நெனச்ச? நீ கார்டத் தேச்சா அவனுக்கு ஒரு கமிஷன். வீட்டுக்குக் கடன் வாங்கினா அவனுக்கு வட்டி. ஒரு கம்பெனிக்காரன் இன்னொரு கம்பெனிய வாங்கறான்னா, நடுவுல உக்காந்து மொய் வாங்கறது அவன்தான். வட்டி ஏறினா இந்தக் கையில சம்பாதிப்பான், எறங்கினா அந்தக் கையில சம்பாதிப்பான். சின்ன பேங்க் நாலு கவுந்தா, பயந்துபோன சனமெல்லாம் பணத்த அள்ளிக்கிட்டு இவன்கிட்டதான் ஓடியாரும். நல்ல பொழப்பு. பொறுமையா இருக்கறவனுக்கு நல்ல பங்குதான்.

என்ன பல்லக் காட்டற? உனக்கு நல்லதுன்னா சொன்னேன்?

கேளு. அந்த பேங்க் கையில இருக்கற எல்லாத்தையும் வித்து, கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்துட்டா மிச்சம்னு ஒண்ணு நிக்கும்ல? ஊரே பயந்து நடுங்கறப்ப, அந்த மிச்சத்த விடக் கம்மி வெலைக்குப் பங்கு கெடைக்கும். அப்ப வாங்கறவனுக்குத் தைரியம் இருக்கு. வாங்கிட்டுப் பத்து வருஷம் வெலையே பாக்காம வேலையப் பாக்கறவனுக்குப் புத்தி இருக்கு. நீ எப்ப வாங்குவ? வெல ரெண்டு மடங்கு ஏறி, பக்கத்து வீட்டுக்காரன் புதுசா படகு வாங்கி வாசல்ல நிறுத்தினதுக்கு அப்பறம் வாங்குவ. எப்ப விப்ப? அவனும் நஷ்டத்துல படக வித்ததுக்கு மறுநாள். இப்ப என்ன வெல போகுதுன்னு பாத்தியா? பாக்கல. நெனச்சேன்.

அந்த மின்சார லாரிக் கம்பெனி என்னாச்சு? சொல்லேன். லாரி எங்க ஓடுது? அப்பறம் கஞ்சாச் செடி வளக்கறவன் பங்கு. அப்பறம் கலிஃபோர்னியாவுல ஒரு சின்ன பேங்க், பாதி வெலைக்கு விழுந்துடுச்சு, இனிமே விழாதுன்னு எனக்கே போன் போட்டுச் சொன்ன. திங்கக்கெழம அந்த பேங்கே இல்ல. நான் வேணாம்னு சொன்னதுக்கு, மச்சான் உங்க காலமெல்லாம் முடிஞ்சு போச்சுன்ன. ஞாபகம் இருக்கா? முடிஞ்சு போனவன்கிட்டதான இப்ப வந்து உக்காந்திருக்க.

ஆமா, இந்தத் தடவ வேறதான். ரொம்ப வேற. முன்னாடியெல்லாம் உன் காசு. இப்ப எங்க அம்மா காசு. லிங்கன்டன்ல எங்க அம்மா என் தங்கச்சி லோரீன் பேருல எழுதி வெச்சுட்டுப் போன நெலத்த வித்த காசு. அதப் போட்டு, அது பத்தாதுன்னு அது மேல புரோக்கர்கிட்ட கடன் வாங்கி, மொத்தத்தையும் பெரிய பேங்க்ல எறக்கப் போற. கடன் வாங்கினா என்ன ஆகும் தெரியுமா? வெல கொஞ்சம் எறங்கினாப் போதும், புரோக்கர் உன்னக் கேக்காமலே வித்துடுவான். அப்பறம் வெல ஏறும், நீ வேடிக்க பாப்ப. பேங்க் நல்ல பேங்குதான் மாப்ள. கோளாறு அதுல இல்ல.

கத்தாத. பக்கத்து மேசைக் குடும்பம் திரும்பிப் பாக்குது. ஞாயித்துக்கெழம சர்ச்சுல மூஞ்சி பாக்கணும்ல.

நான் உன்ன அவமானப்படுத்தறேனா? சரி, அவமானம்னா என்னன்னு சொல்றேன். லோரீனோட கார நீ வித்துட்டு, மெக்கானிக்கிட்ட இருக்கு, ஏதோ பார்ட்டு வரணும்னு சொன்னியே, அது. பாவம், நம்பிட்டா. நீங்க இருக்கற கஸ்டோனியாவுல பஸ்ஸ நம்பி எவனாவது வேலைக்குப் போவானா? குளிருல ரோட்டோரமா நடந்து போயிருக்கா. நாள் பூரா அடுத்தவன் வாய்க்குள்ள கைய விட்டுப் பல்லு சுத்தம் பண்ற வேல. நிக்கவே முடியலண்ணான்னு ஒருநாள் போன்ல சொன்னா. நான் வழியில அந்த மெக்கானிக்கிட்ட எறங்கிக் கேட்டேன். எந்தக் காருன்னான். எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அன்னைக்குப் பூரா தெரியல.

உன் பொண்ணு கேசிக்குப் பல்லு கோணலா வளருது. அம்மா வேலை பாக்கறது பல்லு டாக்டர்கிட்ட. டாக்டர் பாதி வெலையில கம்பி கட்டித் தரேன்னாரு. அந்தப் பாதியும் உன்னோட கஞ்சாச் செடிக்குத் தண்ணியா போயிடுச்சு. பன்னெண்டு வயசுப் பொண்ணு, போட்டோ எடுத்தா கையால வாயப் பொத்திக்குது. நீ பாத்திருக்கியா? வெளக்கம் வேணாம். பாத்தியா இல்லையா?

சரி, இப்பப் பதில் சொல்றேன். வாங்கலாம். தாராளமா வாங்கலாம். வருஷத்துக்கு வருஷம் டிவிடெண்ட் வரும், நடுவுல ரெண்டு தடவ வெல பாதியா விழும், கண்ண மூடிக்கிட்டு இருந்தா கடைசியில பரவால்லம்ப. நானே வெச்சிருக்கேன். ஆனா தின்ற சோத்த வெச்சு வாங்கக் கூடாது. பொண்டாட்டி சோத்த வெச்சு வாங்கவே கூடாது. இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல.

என்ன, அப்ப லோரீன் கையெழுத்துப் போடுவாளான்னா கேக்கற? அண்ணன் சரின்னா போடறேன்னு சொன்னாளா? ஆமா, சொன்னா. எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்.

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தா. பேங்க் பங்கப் பத்தி அண்ணன்கிட்ட கேட்டுட்டு வான்னு நீதான் அனுப்பி வெச்ச. அவ அதக் கேக்கவே இல்ல. அழவும் இல்ல. சமையக்கட்டுல என் பொண்டாட்டி பக்கத்துல நின்னு பீன்ஸ் உடைச்சுக்கிட்டே, அண்ணா, சனிக்கெழம காலையில அவர எங்கயாவது கொஞ்ச நேரம் உக்கார வெக்க முடியுமான்னா. உக்கார வெச்சு என்ன பேசறதுன்னேன். பேங்க் பங்கப் பத்திப் பேசு, நீ ஆரம்பிச்சா நிறுத்த மாட்டியேன்னா. இத்தன வருஷத்துல என் படிப்பு எங்க குடும்பத்துக்கு உபயோகப்பட்டது இது ஒண்ணுக்குத்தான்.

வண்டி கெளம்பிடுச்சாம். இப்பதான் என் பொண்டாட்டி மெசேஜ் போட்டிருக்கா. எங்கன்னு கேக்காத, சொல்ல மாட்டேன். திங்கக்கெழம வக்கீல் உன்னக் கூப்பிடுவாரு, எதா இருந்தாலும் அவர்கிட்டப் பேசு. கேசிய நீ பாக்கலாம், அத லோரீன் தடுக்கல. அதுவும் அவளே சொன்னதுதான், நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.

உக்காரு. ஓடி என்ன பண்ணப் போற? வீடு உன் வீடுதான், உன் சாமான் எதையும் தொடல. உன் டிவி, உன் மூணு கம்ப்யூட்டர், உன் சோபா, எல்லாம் வெச்ச எடத்துல இருக்கு. நாய மட்டும் விட்டுட்டுப் போலாம்னுதான் நெனச்சாளாம், அது உன் நாயின்னு. கதவத் தொறந்ததும் அதுவா ஓடிப் போயி வண்டியில ஏறிக்கிச்சாம். எறக்கிப் பாத்திருக்காங்க. எறங்க மாட்டேன்னுடுச்சாம்.