இருபத்திரண்டாவது ஆள்

ஹலோ... ஹலோ, கேக்குதா?... ஆங், அண்ணிதான் பேசறேன்... பஸ்லேருந்து... இல்ல இல்ல, இன்னும் ஹோட்டலுக்குப் போகலை. பீச்ல நிக்குது பஸ். அரை மணி நேரமா நிக்குது... ஆமா, ஆமா, ஊர் சுத்திக் காட்டற பஸ்தான். உங்கண்ணன் புக் பண்ணி வச்சுட்டுப் போனாரே, அதேதான்... ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு ஆள் இன்னும் வரலையாம். அதான் எடுக்க மாட்டேங்கறாங்க.

யாரா?... அதைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ மொதல்ல உக்காரு... அடுப்புல ஏதாச்சும் வச்சிருக்கியா?... அணைச்சுட்டு வா, இருக்கேன்.

ம்... உங்கண்ணனைத்தான் தேடறாங்க.

ஹலோ?... இருக்கியா?... பைத்தியமெல்லாம் பிடிக்கலை. நல்லாத்தான் இருக்கேன். மாத்திரை போட்டேன், சாப்பிட்டேன்... கத்தாதே, சொல்றதைக் கேளு.

காலையில ஹோட்டல் வாசல்ல கைடு லிஸ்டை வச்சுக்கிட்டு நின்னாரு. வயசானவருதான், நரைச்ச மீசை, கழுத்துல விசில். "உங்க பேர்ல ரெண்டு சீட்டும்மா, சார் எங்கே?"ன்னாரு. நான் என்ன சொல்லியிருக்கணும்?... அதைத்தான் சொல்லியிருக்கணும். அவரு போய் நாலு மாசமாச்சு, நான் தனியாத்தான் வந்திருக்கேன்னு. தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆனா வாய் தானா, "பின்னாடி வந்துட்டிருக்காரு"ன்னுடுச்சு.

சிரிக்காதே... சரி, சிரி. நீயும் பாத்தவதானே. முப்பத்தோரு வருஷமா எந்த பஸ்ல ஏறினாலும் நான் சொல்ற ஒரே வசனம் அதானே. டிரைவர் ஹாரன் அடிப்பான், எல்லாரும் முறைப்பாங்க, நான் அசடு வழிய "வந்துட்டிருக்காரு, வந்துட்டிருக்காரு"ன்னுக்கிட்டு... உங்கண்ணன் அங்க எதாச்சும் போர்டைப் படிச்சுக்கிட்டு நிப்பாரு... ஆமா, "இங்கே துப்பாதீர்கள்" வரைக்கும் முழுசாப் படிச்சாகணும் அவருக்கு.

சரி, கேளு. ஏறினதும் கைடு ஒவ்வொரு சீட்டு முதுகையும் தட்டிக்கிட்டே எண்ணினாரு. கணக்கு சரியா வந்தாத்தான் விசில் ஊதுவாரு, அப்புறம்தான் டிரைவர் வண்டியை எடுப்பாரு. என் பக்கத்து சீட்டையும் தட்டினாரு. என் கைப்பை மட்டும்தான் இருந்துச்சு அதுல. "இருபத்திரெண்டு, சரி"ன்னு ஊதிட்டாரு... நானும் அப்படித்தான் நெனச்சேன். மனுஷன் சீட்டை எண்ணறாரு, ஆளை எண்ணலைன்னு. நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்.

மியூசியம் பாத்துட்டு ஏறினோம். இருபத்திரெண்டு. கலங்கரை விளக்கம். இருபத்திரெண்டு. அங்க நானே எண்ணிப் பாத்தேன், ரெண்டு தடவை. என்னைச் சேத்து இருபத்தொண்ணுதான்.

சொல்லிடலாம்னுதான் சாப்பாட்டு நேரத்துல அவர்கிட்ட போனேன். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவரே சொல்றாரு, "உங்க சார் கையைப் பின்னால கட்டிக்கிட்டு ஒரு போர்டு விடாம படிக்கிறாரும்மா. அந்தத் திமிங்கல எலும்புக்கிட்டேருந்து அவரைக் கிளப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு"ன்னு.

இல்ல... இல்லம்மா, நான் ஒரு வார்த்தை சொல்லலை அவர்கிட்ட. யார்கிட்டயும் சொல்லலை... வேற யாரும் அப்படி இல்ல, பாத்துட்டேன். புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு, ஒரு பெரிய குடும்பம், நாலு டீச்சரம்மா. அவ்வளவுதான்.

இன்னும் இருக்கு. "சாருக்கு எங்க ஊர் தெருவெல்லாம் அத்துப்படி. மூணாவது குறுக்குத் தெரு மூலையில இருந்த செவப்புத் தபால் பெட்டி இன்னும் இருக்கான்னு கேட்டாரு. எடுத்துப் பத்து வருஷமாச்சுன்னேன். மொகமே வாடிப்போச்சு"ங்கறாரு.

அழாதே... அழாதேம்மா. முப்பது வருஷம் தபாலாபீஸ்ல உக்காந்து இந்த ஊருக்குப் போற கடுதாசியைப் பிரிச்சுப் போட்டவரு. தெரு தெருவா மனப்பாடம். ஊரைத்தான் பாக்கலை... ஆமா. கடலையே பாத்ததில்லையே அவரு. ரிட்டையர் ஆகட்டும், ரிட்டையர் ஆகட்டும்னாரு. ஆனாரு. டிக்கெட்டும் போட்டாரு...

பயமா?... பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். மத்தியானத்துலேருந்து பக்கத்து சீட்டைத் திரும்பிப் பாக்கலை. ஆனா கைப்பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன்... எதுக்கோ. இடிக்குமேன்னு.

ஒரு நிமிஷம் இரு... என்னங்க?... தெரியுதுங்க, என்னாலதான் எல்லாருக்கும் லேட்டு, மன்னிச்சுக்கோங்க... குழந்தைக்குப் பசிக்குதா? இந்தாங்க, பிஸ்கட் இருக்கு, குடுங்க... ம், சொல்லு. முன் சீட்டு அம்மா.

இப்ப என்ன ஆச்சுன்னா, இங்க எல்லாரும் இறங்கித் தண்ணியில கால் நனைச்சுட்டு அஞ்சரைக்கு ஏறியாச்சு. கைடு தட்டிக்கிட்டே வந்தாரு. என் பக்கத்து சீட்டுக்கிட்ட அவரு கை அப்படியே நின்னுடுச்சு. "இருபத்தொண்ணு. சாரைக் காணோமே"ன்னாரு... ஆமா. நாள் பூரா சரியா வந்த கணக்கு, இங்க வந்து குறையுது.

தேடறதுக்கு ரெண்டு பேரை அனுப்பியிருக்காரு. கடலோரமாச்சே, இன்னும் பத்து நிமிஷத்துல வரலைன்னா போலீஸ்ல சொல்லணும்ங்கறாரு... என்னத்தைச் சொல்லுவேன்? நாலு மாசமா அந்த வார்த்தையை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எல்லாருக்கும் நீதானே சொன்னே.

என்ன?... இன்னும் கொஞ்சம் நிக்கச் சொல்லணுமா?... ஏய், கேளு... விட்டுட்டு வந்துடாதீங்கன்னு நீ சொன்னா நான் என்னதான் செய்வேன்? எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஹாரன் அடிக்க அடிக்க என் கண்ணு படிக்கட்டுலயேதான் இருக்கு. இதோ செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு, "அதுக்குள்ள என்ன பறக்கறான்"னு ஏறுவாரு, ஏறுவாருன்னு...

இருட்டலை இன்னும். ஜன்னல்ல நல்லாத் தெரியுது. தண்ணியோரம் நெறைய பேரு நிக்கறாங்க, எல்லாம் முதுகுதான்... இரு, இரு. ஒருத்தரு கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கறாரு... தெரியலைம்மா. தூரம்... கூப்பிடவா? எப்பவும் நான் நாலு தடவை கத்தினா வந்துடுவாரு.

இல்ல. கூப்பிட மாட்டேன்.

முப்பத்தோரு வருஷமா அவரை எதையும் முழுசாப் பாக்க விடலை நான். வாங்க, வாங்க, பஸ் போயிடும்... ஆஸ்பத்திரியில அன்னைக்கு ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கிட்டுப் போறாங்க, அப்பவும் சுவத்துல ஏதோ எழுதியிருந்ததைத் தலையைத் திருப்பிப் படிக்கிறாரு. நான் தள்ளறவங்களைப் பாத்து, "சீக்கிரம் போங்க, சீக்கிரம்"னு கத்தினேன். அவரு காதுல விழுந்த என்னோட கடைசி வார்த்தை அதுதான்... ஆமா. உன்கிட்டகூடச் சொன்னதில்ல.

கடலை இன்னைக்குத்தான் பாக்கறாரு. பாக்கட்டும்.

கைடு வராரு. போனை வைக்காதே.

சார்... தேடப் போனவங்களைத் திரும்பக் கூப்பிட்டுடுங்க சார். யாரும் வர வேண்டியதில்ல... என் வீட்டுக்காரர் இறந்துட்டாரு... இங்க இல்ல சார், நாலு மாசமாச்சு... தப்பு என்மேலதான், காலையிலயே சொல்லியிருக்கணும்... நீங்க பாத்தது... அது எனக்குத் தெரியாது சார்... ஆமா, மூக்குக் கண்ணாடி... ஆமா, இடது பக்கம் நூல் சுத்தியிருக்கும்... ஆமா சார்... நீங்க உக்காருங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க... லிஸ்ட்ல அவரு பேரை அடிச்சுடுங்க. இன்னொரு தடவை எண்ணுங்க, சரியா வரும்.

ஹலோ... கேட்டியா?... சொல்லிட்டேன். நானே சொல்லிட்டேன்.

எண்ணறாரு. சத்தம் கேக்குதா?... என் சீட்டைத் தட்டிட்டாரு... பக்கத்து சீட்டைத் தட்டலை, தாண்டிப் போறாரு... இருபத்தொண்ணு. சரிங்கறாரு.

வண்டி எடுத்தாச்சும்மா... அழு, நல்லா அழு. நான் ஜன்னல்ல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்... இல்ல, திரும்பலை. ஹாரன் அடிச்சும் திரும்பலை. ஏதோ எழுதியிருக்கற மாதிரி அந்தக் கடலையே பாத்துக்கிட்டு நிக்கறாரு...

மெதுவாவே வாங்க... ஒண்ணும் அவசரமில்ல... 

இல்லம்மா, உன்னைச் சொல்லலை. நீ வை.