சவுரிக்கு அடியில்

மார்ச் 28, 2013, வியாழன்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். மாலை வகுப்பில் மிஸ் கெய்தர் ஒரு கேள்வி கேட்டார். மற்றவர்கள் யோசித்து முடிக்கும் முன்பே நான் பதில் சொல்லிவிட்டேன். தானாக உதிர்ந்த முடியையும் நடுவில் அறுந்த முடியையும் எப்படிப் பிரித்துச் சொல்வது என்பது கேள்வி. உதிர்ந்த முடியின் ஒரு முனையில் சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும், அது வேர்ப்பகுதி, அறுந்ததில் அது இருக்காது என்றேன். பதில் சரிதான். சொன்ன வேகம்தான் தவறு. அந்தப் பாடம் எங்களுக்கு இன்னும் நடக்கவில்லை.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெர்னடீன் அக்கா சூயிங்கம் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அன்றைய தவறை அன்றே எழுதி, திருத்த என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதுவது என் பழக்கம். இன்றைய தவறுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. வரிசையாக எழுதினால் இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பது தெளிவாகும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது.

பகலில் நான் ஒரு உலர்சலவைக் கடையில் அழுக்குத் துணியை வாங்கி வைத்து, சலவை ஆனதும் திருப்பிக் கொடுக்கிறேன். மாலையில் முடி அலங்காரம் படிக்கிறேன். மெம்ஃபிஸில் எங்கள் குடியிருப்பில் எனக்கு நேர் கீழ் வீடு சாரிஸ் அக்காவுடையது. மருத்துவமனையில் தொலைபேசி எடுத்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது அவர் வேலை. பெர்னடீன் அவருடைய சொந்த அக்கா. மைக்கா அவருடைய மகள், ஆறு வயது.

சாரிஸ் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே தலையில் நேராக்கும் கிரீம்தான். தன் சொந்த முடி எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் மைக்காவைக் குளிப்பாட்டும்போது அவள், “அம்மா, என் முடியை எப்போ சரி பண்ணுவே?” என்று கேட்டிருக்கிறாள். அதில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று கேட்டதற்கு, “உன்னோடது மாதிரி இல்லையே” என்றாளாம். அன்றோடு சாரிஸ் அக்கா கிரீமை நிறுத்தினார். தன் முடியும் மகளின் முடியும் ஒரே மாதிரி ஆனதும், ஒரு ஈஸ்டருக்கு இருவரும் ஒரே மாதிரி இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போவது என்று பேச்சு. அதுவரை மைக்கா தலையில் கிரீம் படாது.

கிரீமை நிறுத்தினால் ஒரே தலையில் இரண்டு விதமான முடி. வேரில் சுருள், நுனியில் நேர், சேரும் இடத்தில் பலவீனம். அதனால் சொந்த முடியைத் தலையோடு ஒட்டிப் பின்னி, அதன்மேல் சவுரியை வரிசை வரிசையாக வைத்து வளைந்த ஊசியால் தைத்துவிடுவோம். முன்பக்கத்துக் கொஞ்சம் சொந்த முடியை மட்டும் வெளியே விட்டு, ஸ்ட்ரெய்ட்னரால் நேராக்கித் தையலை மறைப்போம். சவுரிக்கு அடியில் முடி யார் கையும் படாமல் வளரும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, கழுவி, பழைய நேர் நுனியைக் கொஞ்சம் வெட்டி, மறுபடி தைக்க வேண்டும். தோள்வரை வந்ததும் சவுரி தேவையில்லை. சலூனில் நாள் முழுக்க உட்கார நேரமில்லை என்று இந்த வேலையை என்னிடம் கொடுத்தார். நான் படிக்கிறவள், பழகிக்கொள்ளட்டும் என்றும் நினைத்திருப்பார்.

முதல் முறை கறுப்பு நூலால் தைத்தேன். முடியும் கறுப்பு, நூலும் கறுப்பு. பழுப்பு நூல் எடுத்திருக்க வேண்டும். பிரிக்கும்போது காதுக்குப் பின்னால் நூல் என்று நினைத்துக் கத்தரித்ததில் ஒரு பின்னல் கையோடு வந்துவிட்டது. அதை ஏப்ரன் பைக்குள் போட்டேன்.

என் கை நின்றது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏதாவது ஆயிற்றா என்று கேட்டார். அந்த இடத்தில் முடி பலவீனமாக இருந்து உடைந்திருக்கிறது என்றேன். அவர் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு திரும்பி என்னைக் கட்டிக்கொண்டார்.

“நல்லவேளை இது உன் கண்ணுல பட்டுச்சு, கண்ணு. வேற எவளாவது இருந்தா பார்த்தும் பார்க்காத மாதிரி தைச்சு அனுப்பியிருப்பா.”

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார். வறுத்த கெளுத்தி மீனும் ஸ்பகெட்டியும். மைக்கா எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். அந்த மேஜையில் அது என் நாற்காலி ஆனது அன்றுதான். உண்மையைச் சொல்லலாம் என்று இரண்டு தரம் வாய் எடுத்தேன். இரண்டு தரமும் அவர் என் தட்டில் இன்னொரு மீன் வைத்தார்.

அடுத்த முறை பிரித்தபோது மற்ற இடங்களில் முடி நன்றாக வளர்ந்திருந்தது. காதுக்குப் பின்னால் மட்டும் குட்டை. ஒரு இடம் குட்டையாக இருந்தால் கேள்வி வரும். அதனால் மற்ற இடங்களையும் அதற்குச் சமமாக்கினேன். நுனி வெட்டுவது திட்டத்தில் இருந்ததுதான். நான் சற்று மேலே வெட்டினேன். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் சமமாக்க வேண்டியிருந்தது.

பழைய நேர் முடி முதல் வருடத்திலேயே போய்விட்டது. மிச்சமிருப்பது முழுக்க அவருடைய சொந்த முடி. ஆனால் மூன்று விரற்கடைக்கு மேல் போவதில்லை. அந்த அளவோடு வெளியே போக அவருக்கு மனம் வரவில்லை. சின்ன வயதில் கிரீம் பொசுக்கி முடி கொட்டியபோது பள்ளியில் அவரைப் பையன் என்று கூப்பிட்டார்களாம். அதனால் மறுபடி சவுரி, மறுபடி தையல்.

பிரிக்கும்போது வந்த முடியை நான்தான் எரிப்பேன். சீப்பில் வந்த முடியைக் குப்பையில் போட்டால் பறவை எடுத்துப் போய்க் கூடு கட்டும், பிறகு தலைவலி போகாது என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. சிங்க்கில் ஒரு தகர டப்பா வைத்திருக்கிறார்கள். அது என் ஏற்பாடு இல்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கலாம். ஒரு சனிக்கிழமை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது சாரிஸ் அக்கா சொன்னார்: “என் முடி மட்டும் வளர்ந்துடட்டும். அப்புறம் உன்னை இப்படிக் கட்டிப்போட மாட்டேன். உன் வயசுப் பிள்ளைங்களோட நீ பாட்டுக்குச் சுத்தலாம்.” அன்போடுதான் சொன்னார். ஆனால் அவருக்குச் சரியாகப் புரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒருவரைக் கவனித்துக்கொள்வது ஒரு தேதியில் முடிந்துபோகிற வேலை அல்ல. சேர்ந்து சுற்ற என் வயதுப் பிள்ளைகள் எனக்கு யாரும் இல்லை.

முடி வளராததற்கு அவர் தன் உடம்பைச் சந்தேகப்பட்டார். இரத்தம் கொடுத்துத் தைராய்டு பார்த்தார். ஒன்றுமில்லை என்றார்கள். அவர் நம்பவில்லை, வேறு மருத்துவரிடம் போனார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு வயிறு கெட்டது. காப்பியை விட்டார். தலையணைக்குச் சாட்டின் உறை, தலைக்குச் சாட்டின் தொப்பி. மனக்கவலையாலும் முடி போகுமா என்று என்னிடம் கேட்டார். போகும் என்றேன். அது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தச் சமயம் டெஸ்மண்ட் என்பவர் அவரைக் கல்யாணத்துக்குக் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். லாரி ஓட்டுபவர், மைக்காவுக்கு அவரைப் பிடிக்கும். இந்தக் குழப்பமே தலையைத் தின்கிறது என்று சாரிஸ் அக்கா அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

பெர்னடீன் அக்கா மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு ஷாம்பு, பிறகு சவுரி விற்கிற கடை. பாக்கெட்டில் இந்திய முடி என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “அங்க ஒருத்தி மொட்டையா நிக்கிறா. இங்க நீயும் மொட்டையா நிக்கிறே. நடுவுல முடி எவன்கிட்டடீ போச்சு?” சாரிஸ் அக்கா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் பெர்னடீன் அக்கா வேறு மாதிரி கேட்டார். சிரிக்கவில்லை. சாரிஸ் அக்காவின் முன்பக்கத்து முடியை, வெளியே விட்டிருப்பதை, இழுத்துப் பார்த்தார். தாடை வரை வந்தது.

“இதுல தினம் சூடு வைக்கிறே. காத்து, வெயில், எல்லாம் இதுலதான் படுது. இது வளருது. ஒண்ணுமே படாம உள்ள பொத்தி வச்சிருக்கிறது வளரலையாம். இது எந்த ஊர் நியாயம், ஜொனெல்?”

முன்பக்கத்து முடி வேறு தன்மை உடையது என்று சொன்னேன். சொல்லும்போதே அது நல்ல பதில் இல்லை என்று தெரிந்தது. நான் அதை யோசித்திருக்கவே இல்லை. அடுத்தடுத்த வாரங்களில் ஸ்ட்ரெய்ட்னரின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். பிப்ரவரிக்குள் முன்பக்கமும் உடைந்து மற்றதோடு ஒத்துப்போனது.

இனி இன்றைக்கு வருகிறேன். வகுப்பில் முடி வேலை செய்து காட்ட ஒரு ஆளை அழைத்து வர வேண்டும். நேற்றே வீட்டில் பிரித்துவிட்டு, சாரிஸ் அக்காவை இன்று அழைத்துப் போனேன். பெர்னடீன் அக்காதான் கார் ஓட்டினார். மைக்கா தேவாலயத்தில் சொல்ல வேண்டிய தன் ஈஸ்டர் வசனத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மிஸ் கெய்தர் சாரிஸ் அக்காவின் முடிக்குள் விரல்களை விட்டு நுனிகளைத் தேய்த்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

“ரொம்ப நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கே” என்றார் பெர்னடீன் அக்கா, இருந்த இடத்திலிருந்தே. “அப்போ நேத்துப் பிரிச்ச முடி எங்க? அதுல வெள்ளைப் புள்ளி இருந்துச்சா?”

எரித்துவிட்டேன் என்றேன்.

“எப்பவும் எரிச்சிடுறே.”

“நான்தான் எரிக்கச் சொன்னேன்” என்றார் சாரிஸ் அக்கா. “அம்மா காலத்துலேர்ந்து அப்படித்தானே? அந்தப் பிள்ளைய விடு.”

“சாரிஸ், நல்லா யோசி. உன் தலையில கை வைக்கிறது இந்த உலகத்துல ஒரே ஒருத்திதான்.”

“ஆமா. அவளும் இல்லாமப் போயிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்?”

மிஸ் கெய்தர் என் கத்தரிக்கோலை மேஜையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தார். அடுத்த மேஜைக்குப் போனார்.

கார் நிறுத்துமிடத்தில் பெர்னடீன் அக்கா சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். சாரிஸ் அக்கா பின்னால் திரும்பி, மைக்காவுக்குப் பக்கத்தில் இருந்த என்னிடம் பேசினார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. ரொம்ப யோசித்துப் பார்த்தாராம். தன் வம்சத்து முடிக்கு வளர்கிற குணமே இல்லை போலிருக்கிறது என்றார்.

“எனக்கு வராதது இவளுக்கு எங்கேர்ந்து வரப்போகுது? நான் பட்டது போதும், இவ கண்ணாடி முன்னாடி நின்னு அழ வேண்டாம். நாளைக்குப் பள்ளி லீவு. நீயே இவளுக்குக் கிரீம் போட்டு விடு, கண்ணு. ஈஸ்டருக்கு நேரா இருக்கட்டும்.”

மைக்கா வசனத்தை நிறுத்தினாள். “மிஸ் ஜொனெல், என்னோடதும் கெட்டுப்போச்சா?”

பெர்னடீன் அக்கா காரின் பின்பார்வைக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்கக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் குழந்தைக்கு அது போதும், நாளை எதுவும் நடந்திருக்காது. ஆனால் இல்லை என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி அடுத்து வரும்.

“வலிக்காமப் போட்டு விடுறேன்” என்றேன்.

மைக்கா, “சரிங்க” என்றாள். வீடு வரும்வரை வசனத்தைத் தொடரவில்லை.

இங்கே நேராக எழுதிவிடுகிறேன். முடி தானாக உடையவில்லை, உதிரவில்லை. முதல் பின்னல் கை தவறி வெட்டியது. முன்பக்கம் நான் சூடு வைத்து உடைத்தது. மற்றவை எல்லாம் நான் பார்த்து வெட்டியவை. நேற்றும் வெட்டினேன். அவர் கண்ணை மூடி, தலையை என் கையில் சாய்த்திருந்தார். அவருக்குக் கெடுதல் நினைத்துச் செய்தது எதுவும் இல்லை. ஒரு சொட்டு இரத்தம் வந்ததில்லை. குழந்தை விஷயத்தில் நான் தலையிடவே இல்லை, அது தாயின் முடிவு. யாரோ முரட்டுக் கை போட்டு அவள் தலையைப் புண்ணாக்குவதைவிட, நானே செய்வது நல்லது.

நாளைய வேலை: கடை திறந்ததும் குழந்தைகளுக்கான கிரீம் பெட்டி வாங்க வேண்டும். காது ஓரத்திலும் நெற்றியிலும் வாஸலின் தடவ வேண்டும். கிரீம் போடுவதற்கு முதல் நாள் தலையைச் சொறியக் கூடாது என்று இப்போதே கீழே போய்ச் சொல்ல வேண்டும். அடுத்த முறைக்கு இரண்டாவது பெட்டியும் சேர்த்து வாங்கி வைக்க வேண்டும். மைக்காவுக்கு முடி சீக்கிரம் வளரும், அவள் அம்மாவுக்கு வளர்வதைப் போலவே.