நம்பர் போட்ட ஜகரண்டா

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி கம்பெனி யூனிஃபார்மில் இருந்தாள். இன்னொருத்தி தாவரவியல் மாணவி. ஊதாப் பூ பூக்கும் ஜகரண்டா மரத்தின் காயவைத்த கிளையை வகுப்புக்காக ஒட்டிய பெரிய அட்டையை மடியில் வைத்திருந்தாள்.

“அந்த மரத்தக் கொன்னதே நாந்தான்டி,” என்றாள் மாணவி.

“எங்க கம்பெனி கேட் மரத்தையா? அத ரோடு போடறவங்கல்ல வெட்டுனாங்க?”

“மொதல்ல எல மட்டும் எடுத்துட்டுப் போனேன். பூ இல்லாம அட்டை செல்லாதுன்னுட்டாங்க எங்க காலேஜ் மேடம். பூக்கறப்ப அதே மரத்துல வந்து எடுக்கணுமில்ல? அடையாளத்துக்கு ஏழுன்னு பெயிண்ட்ல எழுதி வச்சேன்.”

“அதுக்கு?”

“ரோட்டுக்காக நம்பர் போட்ட மரத்தையெல்லாம் வெட்டச் சொல்லியிருக்காங்க. எந்தெந்த மரம்னு லிஸ்ட்ட யாரு பாத்தா? பக்கத்து மரமெல்லாம் அப்படியே நிக்குது.”

கம்பெனிக்காரி அட்டையைப் பார்த்தாள். பூங்கொத்தின் ஊதா இன்னும் வெளுக்கவில்லை.

“அப்ப இந்தப் பூவு?”

“கீழ கெடந்த கெளையில பறிச்சேன். எட்டக்கூட வேண்டியதில்ல. கிளாஸ்லயே இதுதான் நல்ல அட்டைன்னாங்க மேடம்.”