உரிமையாளர் வெளிநாட்டில்

இல்லைச் சாமி, கிடாயை ஏலத்தில விடமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை. விட ஏலாது எண்டுதான் சொல்லுறன். அது வேற, இது வேற. முதல்ல இருங்கோ. அந்தக் கதிரை வேண்டாம், அதில கிடாய் ஏறிப் படுக்கிறது. இதில இருங்கோ.

ஓம், காலமைப் பூசையில நடந்தது பிழைதான். பீடத்துப் பூவைத் திண்டது பிழை. நீங்கள் பிரசங்கம் வைக்கேக்க பக்கத்தில நிண்டு அசை போட்டது அதைவிடப் பிழை. ஆனால் ஒண்டை யோசிச்சுப் பாருங்கோ. அது அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட கிடாய். கோயிலும் அந்தோனியாற்ர கோயில். அவற்ர வீட்டுக்குள்ள அவற்ர ஆடு போறதை யாக்கோப்பு நான் என்னெண்டு மறிக்கிறது?

அடிக்கிறதோ? நல்ல கதை. உங்களுக்கு முன்னம் இருந்த சாமி ஒருநாள் பிரசங்கத்தில சொன்னவர், உங்களிட்ட இருக்கிற ஒண்டும் உங்கட இல்லை, வள்ளமும் வலையும் உடம்பும் எல்லாம் ஆண்டவற்ர, நீங்கள் வெறும் பொறுப்பாளியள், திருப்பிக் குடுக்கேக்க பழுதில்லாமக் குடுக்கவேணும் எண்டு. மற்றச் சனம் கேட்டுட்டு வீட்ட போய் மீன் வெட்டினது. எனக்கு அது நெஞ்சுக்குள்ள இருந்திட்டுது. வள்ளத்தைப் பற்றிப் பயமில்லை, அது ஏற்கெனவே ஓட்டை. கிடாய் அப்பிடியில்லைத்தானே, பேர் சொல்லி நேர்ந்த சாமான். அண்டையிலயிருந்து அதுக்கு நான் தடி தூக்கேல்லை. கட்டுறதெண்டாலும், அந்தோனியாரே ஒருக்காக் கட்டப்போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் கட்டுறனான். மாரி மழைக்கு அதைக் குசினிக்குள்ள அடுப்புப் பக்கத்தில விட்டுட்டு நான் விறாந்தையில படுத்தனான். பிறகு தடிமன் வந்து நடுங்கேக்கதான் யோசிச்சன், என்ர உடம்பும் ஆண்டவற்ரதானே எண்டு. அதால இப்ப ரெண்டு பேரும் குசினிக்குள்ள.

பக்கத்து வளவு அப்புத்துரை அண்ணையைக் கேட்டுப் பாருங்கோ. அவை சைவ ஆக்கள். இவன் வேலி பாய்ஞ்சு போய் அவற்ர பயித்தங்காய்ப் பாத்தியை ஒண்டு மிச்சமில்லாமத் திண்டிட்டான். மனுசன் அலவாங்கோட வந்தவர். அண்ணை, இது அந்தோனியாற்ர ஆடு எண்டன். அலவாங்கைக் கீழ வச்சிட்டுச் செருப்பைக் கழட்டினார். அவற்ர மேள் பவதாரணிக்குக் கலியாணம் சரிவந்தது அந்தோனியாராலதான் எண்டு அவருக்கு நம்பிக்கை. இப்ப செவ்வாய்க்கிழமையில அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகமுன்னம், தானே குழை வெட்டிக்கொண்டு வந்து வேலிக்கு மேலால போட்டுட்டுப் போறவர்.

கிடாயின்ர காதில இருக்கிற மஞ்சள் தகடோ? அது பதிவு. போன வருசம் கால்நடை பதியிறம் எண்டு ஒரு பிள்ளை வந்தது, நிலாந்தி எண்டு பேர். உரிமையாளர் ஆர் ஐயா எண்டு கேட்டுது. சாமிமாரிட்டப் பாவசங்கீர்த்தனம் சொல்லுற நான் பொய் சொல்லலாமோ? அந்தோனியார் எண்டன். அடையாள அட்டை நம்பர் கேட்டுது. அவரிட்ட இல்லைப் பிள்ளை எண்டன். விலாசம் கேட்டுது. பதுவை எண்டன். அது எங்க எண்டுது. இத்தாலி. அப்ப அவர் வெளிநாட்டிலயோ எண்டுது. ஓம் எண்டன். எப்ப போனவர்? நான் பிறக்கமுன்னமே. பிள்ளை பேனையை எடுத்துது. உரிமையாளர் வெளிநாட்டில், பராமரிப்பவர் யாக்கோப்பு எண்டு எழுதிப்போட்டு, தகட்டை அடிச்சிட்டுப் போயிட்டுது.

சிரிக்காதையுங்கோ சாமி. இந்தத் தீவில அரைவாசி வீடு அப்பிடித்தானே. ஆக்கள் கனடாவில, திறப்பு எங்களிட்ட. என்னட்டையே ரெண்டு வீட்டுத் திறப்புக் கிடக்கு. கிழமைக்கொருக்காப் போய்ப் பூட்டைக் கழட்டி யன்னலைத் திறந்து காத்து வர விடுறனான். ஒருத்தரும் வந்து பாக்கிறேல்லை. அதுக்காக நான் அவையின்ர கட்டில்ல ஏறிப் படுக்கிறனானோ?

போன வருசத் திருநாளுக்கு ஏன் குடுக்கேல்லையோ? அப்ப கிடாய்க்குக் கால் நொண்டி. அதுக்கு முதல் வருசமோ? அப்ப எனக்குக் கால் நொண்டி. முன்வீட்டுக் கிறிஸ்ரியோ உங்களுக்கு இதெல்லாம் சொன்னவன்? அவன் சொல்லுவான். நாலு மாசமா வாற போற நேரமெல்லாம் இதின்ர முதுகைத் தடவிப் பாக்கிறான், பாசத்தில இல்லை. ஞாயிற்றுக்கிழமை திருநாள் பூசை முடிய ஏலத்தில எடுத்தானெண்டால் மத்தியானம் கறி.

ஓம், எல்லாரும் குடுக்கிறவைதான். நேர்ந்தது நடந்தால் குடுக்கத்தான் வேணும். நான் மறுக்கேல்லை.

எதுக்கு நேர்ந்ததோ?

தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோவன்.

ஜசிந்தாவுக்கு நேர்ந்தது. என்ர மனுசி. நீங்கள் இந்தப் பங்குக்கு வந்து ரெண்டு மாசம்தானே, அவவைத் தெரியாது. படுக்கையில கிடக்கேக்க, இவள் எழும்பி ஒருக்காக் கோயில் வாசல் மட்டும் நடந்தாளெண்டால் உமக்கு ஒரு கிடாய் எண்டு அந்தோனியாரிட்டக் கேட்டனான். அண்டைக்கே குட்டியை வாங்கிக்கொண்டு வந்து அவவின்ர கால்மாட்டில கட்டினன். அந்தக் கதிரையில அவவைத் தூக்கி இருத்தினால், குட்டியும் பாய்ஞ்சு மடியில ஏறிப் படுத்திடும். இப்ப மடி இல்லை, கதிரையில படுக்குது.

இல்லை, எழும்பேல்லை. அவ போய் வாற ஆவணியோட மூண்டு வருசம்.

ஓம் சாமி, எனக்கும் தெரியும். அப்ப நேர்த்தியும் இல்லை, ஆடு அவற்ரயும் இல்லை. அவரோட எனக்குக் கோவம் இருந்ததுதான். மூண்டு மாசம் அவற்ர சொரூபத்தை நிமிந்தும் பாக்கேல்லை. பிறகு யோசிச்சன், கேட்டுக் கேட்டு ஆயிரம் சனம் வருது, அவரும் என்னத்தைச் செய்யிறது. இதைக் கொண்டுபோய் இது என்ர ஆடு எண்டு அவருக்கு முன்னால சொன்னால், அந்த மனுசனுக்கு வெக்கமா இராதோ? தன்ர ஆடு எண்டே அவர் நினைச்சுக்கொண்டு இருக்கட்டும். நானும் அவற்ர எண்டே பாத்துக்கொள்ளுறன்.

அதுதான் கோயில் வாசல்ல வச்சு நீங்கள் கேக்கேக்க நான் வாய் திறக்காமல் வீட்ட கூட்டிக்கொண்டு வந்தனான். அங்க நிண்டு கதைச்சால் அவருக்குக் கேக்கும்.